நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் மஞ்சள் காய்ச்சல்: நூறாண்டு விடாமல் வந்தது ஏன், 1905-க்குப் பின் வராமல் போனது ஏன்?

கேள்வி கேட்டவர்: அலைவாய்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கத் துறைமுக நகரங்களின் வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். நியூ ஆர்லியன்ஸ் பகுதிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். 1796-இல் அந்நகரில் முதன்முதலாகப் பெருந்தொற்றாக அறியப்பட்ட மஞ்சள் காய்ச்சல், அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அதை விட்டபாடில்லை. 1817 முதல் 1905 வரையிலான காலத்தில் மட்டும் அங்கே 41,000-க்கும் அதிகமானோர் இந்நோயால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். (பெயரைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று எண்ணிவிட வேண்டாம். கண்ணும் தோலும் மஞ்சளிப்பது இரண்டுக்கும் பொதுவென்றாலும், இது கொசுக்கடியால் பரவுகிற தனியொரு வைரஸ் நோய்.)

என் குழப்பம் இதுதான். அக்காலத்து மருத்துவர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் ஒன்றுக்கொன்று பொருந்தாத செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. நோயாளியின் படுக்கையருகே இரவு பகலாக இருந்து வாந்தியைத் துடைத்த தாதிக்கு ஒன்றும் ஆகாது. அந்த வீட்டுப் பக்கமே போகாத, நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர் படுத்துவிடுவார். கோடையின் நடுவில் கிளம்பும் நோய், முதல் உறைபனி விழுந்த சில நாட்களில் வந்த சுவடு தெரியாமல் அடங்கிவிடும். ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களைப் பெரும்பாலும் தொடாது. கப்பலிலிருந்து இறங்கியவர்களை வாரிக்கொண்டு போகும். இதனாலேயே ‘அந்நியர் நோய்’ என்று அதற்கு ஒரு பெயரும் இருந்திருக்கிறது.

இவ்வளவு பிடிவாதமாக நின்ற நோய் 1905-க்குப் பிறகு அந்நகரில் பெருந்தொற்றாக வரவேயில்லை. தடுப்பூசிதான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் மேக்ஸ் தைலர் உருவாக்கிய 17டி தடுப்பூசியே 1937-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அப்படியானால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நோயை நிறுத்தியது எது? கப்பல்களைத் தடுத்து நிறுத்திய தனிமைப்படுத்தலா, நகரத்தின் சாக்கடைகளைச் சுத்தம் செய்ததா, வேறு ஏதாவதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: பழஞ்சுவடி

நல்ல கேள்வி. நான் மருத்துவன் அல்லன். நகர வரலாறு படிப்பவன். ஆகவே என் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை, கப்பலில் பாதியும் வீட்டுக் கொல்லையில் பாதியுமாகக் கிடக்கிறது என்பது என் எண்ணம். அந்த நூறாண்டு முழுவதும் இரண்டு கட்சியினர் சண்டையிட்டார்கள். ஒரு கட்சி, “நோய் கப்பலில் வருகிறது, துறைமுகத்தை அடைத்துவிடுங்கள்” என்றது. மறு கட்சி, “நோய் இவ்வூர்ச் சேற்றிலும் அழுக்கிலும் வெயிலிலும் பிறக்கிறது, தெருவைக் கூட்டுங்கள்” என்றது. கப்பல் கட்சி ஒரு பாதியைச் சரியாகப் பார்த்தது. உள்ளூர்க் காரணம் தேடிய கட்சி மற்றப் பாதிக்கு மிக அருகில் வந்து, தெருவைப் பார்த்ததே தவிர வீட்டுக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் நின்றது மழைநீர்த் தொட்டி. மிசிசிப்பி ஆற்றின் வளைவில், கடல் மட்டத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் அமைந்த ஊர் அது. தோண்டினால் சில அடிகளிலேயே தண்ணீர் வந்துவிடும் என்றாலும், அது குடிக்கத் தக்க தண்ணீர் அன்று. ஆற்று நீரோ வண்டல் கலந்து பழுப்பாக ஓடும். எனவே ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டுக்கும் அருகே, சைப்பிரஸ் மரப்பலகைகளை இரும்புப் பட்டையிட்டுப் பிணைத்த பெரிய பீப்பாய் போன்ற தொட்டி ஒன்று, செங்கல் மேடையில் நின்றது. கூரையில் விழும் மழை தகரக் குழாய் வழியே அதில் இறங்கும். சில வீடுகளில் அத்தொட்டி வீட்டின் மாடி உயரத்துக்கு நின்றதைப் பழைய புகைப்படங்களில் காணலாம். மேலே மூடியிருந்தாலும் இடுக்கு இருக்கும். தெளிந்த, நிழலான, அசையாத நீர். டெங்குக் கொசு என்று நாம் அறிந்திருக்கிற ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு இதைவிடச் சிறந்த பிறப்பிடம் வேண்டியதில்லை. சாக்கடையை எவ்வளவு வாரினாலும் பயன் குறைவாக இருந்ததன் காரணமும் இதுவே: இந்தக் கொசு அழுக்கு நீரைத் தேடிப் போவதில்லை, வீட்டார் குடிக்கச் சேர்த்து வைத்த நல்ல நீரையே நாடுகிறது.

வேதனையான ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் கடக்க முடியவில்லை. நகரத்துக்கு நீர்வழங்கு நிலையம் கட்டித்தர ஒப்புக்கொண்டவர், வாஷிங்டனின் நாடாளுமன்றக் கட்டடத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப். அவருடைய மகன் ஹென்றி அந்தப் பணிக்காகவே முன்னதாக அங்கே சென்று, 1817-இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பணியை முடிக்கத் தாமே சென்ற தந்தையும் 1820 செப்டம்பரில் அதே நோயில் இறந்தார். நகரம் முழுவதற்கும் வடிகட்டிய குழாய்நீர் வருவதற்கு அதன்பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிடித்தன. ஆட்சியாளர்களையும் நோய் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க ஆட்சியின் முதல் ஆளுநர் வில்லியம் கிளெய்போர்ன், 1804-இல் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார். 1809-இல் அவருடைய இரண்டாம் மனைவியும் அதே நோய்க்கு இரையானார்.

1853-ஆம் ஆண்டே அந்நகரின் மிகக் கொடிய ஆண்டு. மே மாதக் கடைசியில், அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடியேறியவர்களை ஏற்றி வந்த கப்பல்களைச் சுற்றி முதல் நோயாளிகள் தென்பட்டார்கள். வணிகம் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் நாளிதழ்கள் வாரக்கணக்கில் அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டன. ஜூலையில் மறைக்க இயலாத நிலை வந்தபோது, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டுப் பல்லாயிரக்கணக்கில் வெளியேறியிருந்தார்கள். ஆகஸ்டில் ஒரே நாளில் 200-க்கும் மேற்பட்ட சாவுகள் பதிவாகின. காற்றைத் தூய்மைப்படுத்துவதற்காகத் தெருமுனைகளில் தார்ப் பீப்பாய்களைக் கொளுத்தினார்கள். பீரங்கிகளை முழங்கச் செய்தார்கள். பீரங்கி ஒலி கேட்டுக் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு வலிப்பு வந்ததால் அதை நிறுத்தவேண்டியதாயிற்று. தாரின் கரும்புகை மட்டும் தொடர்ந்து எழுந்தது. கோடை முடிவதற்குள் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். நகரின் மக்கள்தொகை அப்போது சுமார் 1,50,000 என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர்.

அந்தக் கோடையில் நகர நிர்வாகம் செய்யாததைச் செய்தவர்கள் ஹோவர்ட் சங்கத்தினர். பெரும்பாலும் வணிக அலுவலகங்களில் வேலை பார்த்த இளைஞர்கள். ஆங்கிலேயச் சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்டின் பெயரில் 1830-களில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஊரைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, வீடு வீடாகச் சென்று, தாதியரை அமர்த்தி, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குத் தற்காலிக இல்லங்கள் திறந்து, பனிக்காலம் வரை நடத்தினார்கள்.

மறுமொழி 2: நுண்ணோக்கி

பழஞ்சுவடி அவர்கள் தொட்டியைச் சுட்டிக்காட்டியது மிகச் சரி. கேட்டவர் எழுப்பிய புதிர்களுக்கு நோயின் இயல்பிலிருந்து விடை சொல்ல முயல்கிறேன். அவை தனித்தனிப் புதிர்கள் போலத் தோன்றினாலும், எல்லாவற்றையும் அவிழ்ப்பது நாள்கணக்கு ஒன்றுதான்.

கொசு கடித்து வைரஸ் உடலுக்குள் போனபின், 3 முதல் 6 நாட்களில் காய்ச்சல் தொடங்குகிறது. தலைவலி, முதுகுவலி, குமட்டல் எல்லாம் மூன்று நான்கு நாட்கள் வாட்டிவிட்டுத் தணியும். பெரும்பாலானவர்கள் அதோடு எழுந்துவிடுவார்கள். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும், தணிந்த ஒரு நாளுக்குள் நோய் மறுபடி ஏறும். கல்லீரல் கெட்டு உடல் மஞ்சளிக்கும், சிறுநீரகம் பழுதாகும், இரைப்பையில் கசிந்த இரத்தம் அமிலத்தில் கறுத்துக் காப்பித்தூள் போன்ற வாந்தியாக வெளிவரும். ஸ்பானியர் இந்நோயையே ‘கறுப்பு வாந்தி’ என்று அழைத்தது இதனால்தான். இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள்.

இப்போது தாதியின் கதைக்கு வருவோம். நோயாளியின் இரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றும் அளவு வைரஸ் இருப்பது, காய்ச்சலின் முதல் மூன்று நான்கு நாட்களில்தான். கறுப்பு வாந்தி எடுக்கும் கட்டத்தில், அதாவது பார்ப்பவர் நடுங்கும் கட்டத்தில், அந்த நோயாளியால் கொசுவுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துபோயிருக்கும். அடுத்த விஷயம் இன்னும் நுட்பமானது. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்புவதில்லை; வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறக்குறைய 12 நாட்கள் ஆகும். ஆக, தாதி பணிசெய்த பத்து நாட்களில் அந்த வீட்டுக் கொசு தீங்கற்றதாகவே இருந்திருக்கலாம். நோயாளி இறந்தோ பிழைத்தோ, தாதி வீடு திரும்பியபின், அதே கொசு அண்டை வீட்டுக்குள் நுழைந்து, நோயாளியின் முகத்தையே பார்த்திராத ஒருவரைக் கடிக்கும். நோய் காற்றில் மிதந்து வந்தது என்று அக்காலத்தவர் நம்பியதில் வியப்பேதுமில்லை. அவர்கள் கண்ணில் பட்ட சான்றுகள் அத்தனையும் அதைத்தான் சொல்லின.

இந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற தனிமைப்படுத்தல் அதிகாரி. மெக்சிகோ வளைகுடாவில் கப்பல்களைச் சோதிக்கும் பணியில் இருந்தபோதே, கப்பலில் முதல் நோயாளிக்கும் அடுத்தவர்களுக்கும் நடுவே எத்தனை நாள் என்று குறித்து வந்தார். 1898-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஆர்வுட், டெய்லர் என்ற சிற்றூர்களில் அவருக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. ஆள் நடமாட்டம் குறைந்த ஊர்களாதலால், யார் எந்த வீட்டுக்கு எந்த நாளில் போனார் என்று கேட்டு எழுத முடிந்தது. நோயாளி படுத்த முதல் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் வந்துபோனவர்களுக்கு நோய் வரவில்லை. அதன்பின் அதே வீட்டில் நுழைந்தவர்களுக்கு, நோயாளி அங்கே இல்லாதபோதும், வந்தது. கொசு என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஏதோ ஒன்று முதிர நாளெடுக்கிறது என்பது மட்டும் தெளிவாயிற்று.

கியூபாவின் ஹவானா நகர மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, கொசுதான் என்று 1881-இலேயே சொல்லிவிட்டார். ஆனால் தம் சோதனைகளில் நோயாளியைக் கடித்த கொசுவை நாட்கள் கழிய விடாமல் அடுத்தவரைக் கடிக்கவிட்டதால் அவரால் மெய்ப்பிக்க இயலாமற்போயிற்று. இருபது ஆண்டுகள் ஏளனத்துக்கு ஆளானார். 1900-இல் ஹவானாவுக்கு வந்த அமெரிக்கப் படை மருத்துவர் வால்டர் ரீடின் குழு, ஃபின்லே தந்த கொசு முட்டைகளையும் கார்ட்டரின் நாள்கணக்கையும் சேர்த்துப் பார்த்தபின்தான் கதவு திறந்தது. குழுவில் இருந்த ஜெஸ்ஸி லசேர், அந்த ஆண்டு செப்டம்பரில் அதே நோயில் இறந்தார். அவர் பெயரால் அமைந்த முகாமில் இரண்டு மரவீடுகள் கட்டினார்கள். ஒன்றில் கொசு நுழையாதபடி அடைத்துவிட்டு, நோயாளிகளின் வாந்தியும் மலமும் படிந்த படுக்கை விரிப்புகளைப் பரப்பி, அவற்றின் மேல் தன்னார்வலர்கள் இருபது இரவுகள் உறங்கினார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. மற்றதைச் சுத்தமாக வைத்து, நடுவே கம்பிவலை கட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் தொற்றிய கொசுக்களை விட்டார்கள். கொசு இருந்த பக்கம் படுத்தவர் நோயுற்றார். வலைக்கு இப்பால் அதே காற்றைச் சுவாசித்தவர்கள் நலமாக இருந்தார்கள்.

உறைபனி, ‘அந்நியர்’ ஆகிய இரண்டும் எளிது. குளிரில் இக்கொசு செயலற்றுப் போகும், சங்கிலி அறும். அடுத்த கோடைக்கு வைரஸ் புதிதாகக் கப்பலில் வந்தாக வேண்டும். ஒரு முறை நோய் வந்து பிழைத்தவருக்கு வாழ்நாள் முழுவதும் மறுபடி வராது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல் போலக் கடந்துவிடும். உள்ளூரார் சிறுவயதிலேயே அதைத் தாண்டியவர்கள், அவ்வளவுதான். அவ்வூர்க் காற்றுக்கு உடம்பு ‘பழகிவிட்டது’ என்று அவர்கள் சொன்னது தவறான விளக்கம், ஆனால் சரியான கவனிப்பு.

கேட்டவர்: அலைவாய்

இருவருக்கும் நன்றி. வலைக்கு இருபுறமும் ஒரே காற்று என்ற அந்தச் செய்தி ஒன்றே எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. இரண்டு துணைக் கேள்விகள். ஒன்று, வைரஸ் ஆண்டுதோறும் கப்பலில்தான் வந்தாக வேண்டும் என்றால், கப்பலைத் தடுத்தாலே போதுமே. நகரம் ஏன் அதைச் செய்யவில்லை? இரண்டு, அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு இந்நோய் வராது என்று அக்கால எழுத்துகளில் அடிக்கடி வருகிறதே, அதில் உண்மை உண்டா?

மறுமொழி 3: சுங்கச்சாவடி

தடுப்பதற்குச் செலவு ஆயிற்று. அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் பருத்தியையும் சர்க்கரையையும் விற்றுப் பிழைத்த ஊர். ஹவானாவோடும் கரீபியத் தீவுகளோடும் நாள்தோறும் வணிகம். ஒரு கப்பலைப் பத்து நாட்கள் ஆற்றில் நிறுத்தினால் சரக்கின் உரிமையாளருக்கு நட்டம். நிறுத்தாமல் விட்டால் நட்டப்படுபவர் அந்த ஆண்டு வந்திறங்கிய அயர்லாந்துக்காரர். முன்னவருக்கு நகரசபையில் குரல் இருந்தது. 1820-களின் தொடக்கத்தில் தனிமைப்படுத்தல் நிலையம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். 1822-இல் நோய் அப்படியும் வந்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். 1853-இன் பேரழிவுக்குப் பின்பே, 1855-இல், லூசியானா மாநிலச் சுகாதார வாரியம் பிறந்தது. அமெரிக்காவின் முதல் மாநிலச் சுகாதார வாரியம் அதுவே. ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலையான தனிமைப்படுத்தல் நிலையமும் அப்போது அமைந்தது.

அப்படியும் ஓட்டைகள் இருந்தன. 1878 மே மாதம் ஹவானாவிலிருந்து வந்த எமிலி பி. சௌடர் என்ற நீராவிக் கப்பல், நிலையத்தில் சோதனையும் புகைப்போடலும் முடித்து நகரத்துக்கு வந்து சேர்ந்தது. சில நாட்களில் அதன் ஊழியர் இருவர் இறந்தார்கள். அந்த ஆண்டு நகரில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோய் இழுவைப் படகுகளிலும் ரயில்களிலும் ஆற்றோடு மேலேறி, மெம்ஃபிஸ் நகரில் 5,000-க்கும் அதிகமானோரைக் கொன்றது. மறு ஆண்டு அந்நகரம் கடன்சுமையோடு தன் நகராட்சித் தகுதியையே இழந்தது. ஊர்களின் எல்லையில் துப்பாக்கியோடு நின்று ரயிலிலிருந்து ஒருவரையும் இறங்கவிடாத வழக்கம் பரவியதும் அப்போதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்படைத் தளபதியாயிருந்த ஜான் பெல் ஹூட், போருக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்தார். 1878-இன் நோய் அவருடைய தொழிலை முடித்தது. 1879-இல் அதே நோய் அவரையும் மனைவியையும் மூத்த மகளையும் சில நாட்களுக்குள் கொண்டுபோயிற்று. அநாதைகளாக நின்ற பிள்ளைகள் பத்துப் பேர்.

ஒரு சிறு முரணைச் சேர்த்துவிடுகிறேன். 1880-களில் அந்த ஆற்று நிலையத்தில் கப்பல்களின் அடித்தளங்களுக்குள் கந்தகப் புகையை இயந்திரம் வைத்துச் செலுத்தினார்கள். கிருமியைக் கொல்வதாக எண்ணித்தான் செய்தார்கள். கொசுவையும் கந்தகப் புகை கொல்லும். காரணம் தெரியாமலே சரியானதைச் செய்த சில ஆண்டுகள் அவை.

இரண்டாவது கேள்வி நாம் நின்று பார்க்க வேண்டியது. கறுப்பின மக்களுக்கு இந்நோய் வராது என்பது பொய்; அவர்களும் நோயுற்றார்கள், இறந்தார்கள். உள்ளூரில் பிறந்தவர்களும், நோய் நிலவிய இடங்களில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களும் நுண்ணோக்கி சொன்ன அதே காரணத்தால் காப்புப் பெற்றிருக்கக் கூடும். அந்தப் பொய்யை நம்பியவர்களே அதற்கு மாறாக நடந்தார்கள் என்பதுதான் கவனிக்கத் தக்கது. அடிமைச் சந்தை விளம்பரங்களில் ‘இவ்வூர்க் காய்ச்சலைக் கடந்தவர்’ என்ற குறிப்போடு விற்கப்பட்டவருக்கு விலை கூடுதலாக இருந்தது. எவருக்குமே நோய் வராது என்றால் அந்தக் கூடுதல் விலை எதற்கு? ஆனால் இந்த வாதம் அவர்களுக்கு வசதியாக இருந்தது: வெள்ளையர் இறக்கும் வயலில் உழைக்கக் கறுப்பரைத்தான் இயற்கை படைத்திருக்கிறது என்று அடிமைமுறைக்கு நியாயம் சொல்ல முடிந்தது.

வெள்ளையருக்குள்ளும் இதே கணக்கு வேறு விதமாக ஓடியது. நோயைக் கடந்து பிழைத்தவன் என்றால்தான் வணிக நிறுவனங்களில் நல்ல வேலை. காப்பீட்டுக்கும் அதையே கேட்பார்கள். பிழைத்தவர்கள் ஊரின் பெரிய மனிதர்களானார்கள். அவர்களுக்கு இந்நோய் மறுபடி வராது. வரி விதித்து வடிகாலும் குழாய்நீரும் அமைக்க அவர்கள் அவசரப்படவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. 1830-களில் நகரத்தின் கால்வாய் ஒன்றை வெட்டும்போது அயர்லாந்துத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மஞ்சள் காய்ச்சலிலும் காலராவிலும் இறந்தார்கள். வேலை நிற்கவில்லை, அடுத்த கப்பலில் ஆட்கள் வந்தார்கள்.

மறுமொழி 4: பழஞ்சுவடி

சுங்கச்சாவடி அவர்கள் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் மட்டும்: மேல்தட்டினர் அனைவரும் கைகட்டி நின்றார்கள் என்று பொதுமைப்படுத்த வேண்டாம். ஹோவர்ட் சங்கத்துக்குப் பணம் தந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மற்றபடி உடன்படுகிறேன். அண்டைத் துறைமுகமான மொபீலில் இருந்த ஜோசையா நாட் என்ற மருத்துவர், 1848-இலேயே இந்நோய்க்கும் பூச்சிகளுக்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதினார். 1853-இல் தம் பிள்ளைகள் நால்வரை ஒரே வாரத்தில் இதே நோயில் இழந்தார். இன வேற்றுமைக்கு ‘அறிவியல்’ ஆதாரம் தேடிய நூல்களை எழுதியவரும் அவரே. பிற்காலத்தில் ஹவானாவிலும் பனாமாவிலும் கொசுவை ஒழித்துப் புகழ்பெற்ற வில்லியம் கோர்கஸ் பிறந்தபோது பேறுகாலம் பார்த்தவரும் அவர்தான் என்பதை எப்போது படித்தாலும் எனக்கு ஒரு திகைப்பு வரும்.

இனி, முதற்கேள்வியின் கடைசிப் பகுதி: 1905. கொசுவின் பங்கு உறுதியானபின், நகரச் சுகாதார வாரியத் தலைவர் குவிட்மன் கோன்கி, 1901-லேயே தொட்டிகளில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லிப் பார்த்தார். குடிக்கும் நீரில் எண்ணெயா என்று மக்கள் ஒத்துழைக்கவில்லை; நகரசபையும் கட்டாயமாக்கவில்லை. 1905 ஜூலையில், மத்திய அமெரிக்காவிலிருந்து வாழைப்பழக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், பிரெஞ்சுச் சந்தையை ஒட்டி இத்தாலியக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் நோய் வெளிப்பட்டது. அதற்கு முன் சில வாரங்களாகவே அங்கே பரவியிருந்தது. அதிகாரிகளிடம் சொன்னால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் வீட்டார் மறைத்தார்கள். எட்டாண்டுகளுக்கு முன் 1897-இல், பள்ளிக் கட்டடம் ஒன்றை நோயாளிகளுக்கான மருத்துவமனையாக்கியபோது, ஊர்க்கூட்டம் சென்று அதற்குத் தீ வைத்ததை நினைத்தால் இரு பக்கத்து அச்சமும் விளங்கும்.

ஆகஸ்டில் கூட்டாட்சிச் சுகாதாரத் துறை ஜோசப் ஒயிட் என்ற மருத்துவரின் தலைமையில் பொறுப்பேற்றது. ஊருக்குத் திரும்பியிருந்த பேராயர் பிளாசிட் ஷப்பெல் அந்த மாதத்திலேயே இந்நோயில் இறந்ததும் ஊரை உலுக்கியது. இந்த முறை தாரும் எரிக்கவில்லை, பீரங்கியும் முழக்கவில்லை. நகரத்தை வட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஆட்கள் வீடு வீடாகச் சென்று, பல்லாயிரக்கணக்கான தொட்டிகளின் வாயில் மெல்லிய துணியோ கம்பிவலையோ கட்டி, நீரின் மேல் எண்ணெய் ஊற்றினார்கள். காய்ச்சல் கண்டவரை உடனே கொசுவலைக்குள் படுக்கவைத்தார்கள். ஏனெனில், மேலே சொல்லப்பட்டபடி, முதல் மூன்று நான்கு நாட்களே முக்கியம். பின் அறையின் இடுக்குகளைத் தாள் ஒட்டி அடைத்துக் கந்தகம் எரித்தார்கள். தேவாலயங்களில் பாதிரிமார் பிரசங்கத்திலேயே கொசுவைப் பற்றிப் பேசினார்கள். இத்தாலியத் தெருக்களில் அம்மொழி பேசுபவர்களைக் கொண்டே விளக்கினார்கள். என் கணிப்பில் அந்தக் கடைசி ஏற்பாடு, எண்ணெயைவிடக் குறைந்த பயனைத் தரவில்லை; மறைக்கப்பட்ட நோயாளிகள் அதன்பிறகுதான் வெளியே தெரிந்தார்கள்.

மொத்தச் சாவு 450 அளவில் நின்றது. 1853-இன் 8,000-த்தோடு ஒப்பிடும்போது மக்கள்தொகை ஏறத்தாழ இரு மடங்காகியிருந்ததையும் சேர்த்து எண்ணுங்கள். அதைவிட முக்கியம், இம்முறை உறைபனி வரும்வரை காத்திருக்காமலே நோய் அடங்கியது. அக்டோபர் 26-ஆம் நாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் நகரத்துக்கு வந்து தெருவில் ஊர்வலமாகச் சென்றார். அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சலின் கடைசிப் பெருந்தொற்று அதுவே.

கேட்டவர்: அலைவாய்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. ஒரே ஒரு சிறிய ஐயம். தொட்டியில் எண்ணெய் ஊற்றியபின் அந்தத் தண்ணீரை எப்படிக் குடித்தார்கள்?

மறுமொழி 5: பழஞ்சுவடி

எண்ணெய் மெல்லிய படலமாக மேலே மிதக்கும். தண்ணீர் பிடிக்கும் குழாய் தொட்டியின் அடியில் இருக்கும். நீர்மட்டம் குழாய்வாய் வரை இறங்காத வரையில் எண்ணெய் வெளியே வராது. மூச்சுவிட மேலே வரும் கொசுப்புழு மட்டும் அந்தப் படலத்தில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகும். 1901-இலும் இதையேதான் சொன்னார்கள், அன்று கேட்பாரில்லை. 1909-இல் வடிகட்டிய ஆற்றுநீர் குழாய்களில் வரத் தொடங்கியபின், தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்.